களவுக் குற்றச்சாட்டு வந்தால்: நீதவான் நீதிமன்றத்தில் நடப்பது என்ன?

(புதிதாக வந்தவர்களுக்கான தகவல் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம். இங்கு சொல்லப்படுவது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்கொட்லாந்தில் சட்டம் வேறு.)



இன்றைக்குக் கதைக்கப்போகிற விஷயம் கேட்க நல்லாயிராது. களவு. "நாங்கள் களவெடுக்கிற சனமோ?" என்று சிலர் யோசிப்பீர்கள். ஆனால் இந்த நாட்டுச் சட்டம் எதைக் களவு என்று சொல்லுது என்று தெரியாமலே பொலிசில் அகப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய தஞ்சக் கோரிக்கைக்கும் அது பிரச்சினையாக வரலாம்.

எது களவு?

1968ஆம் ஆண்டின் களவுச் சட்டம் சொல்வது இதுதான்: மற்றவருக்குச் சொந்தமான பொருளை, நேர்மையில்லாமல், அவருக்கு அது திரும்பக் கிடைக்கக்கூடாது என்ற எண்ணத்தோடு தனதாக்கிக் கொள்வது. இவை எல்லாவற்றையும் அரச தரப்பு நிரூபிக்க வேணும். ஒன்று குறைந்தாலும் களவுக் குற்றம் இல்லை.

கடையில் பிள்ளையின் தள்ளுவண்டிக்குக் கீழே வைத்த பால்மாவுக்குக் காசு கட்ட உண்மையாகவே மறந்து போனால் அது களவு அல்ல. ஆனால் ஜக்கெற்றுக்குள் ஒளித்து வைத்தால், கடை வாசலைத் தாண்டும் முன்னரே களவாகிவிடும்.

தர்மக் கடைகளின் வாசலில் இரவில் பைகள் கிடக்கும். "எறிஞ்ச சாமான்தானே" என்று எடுக்காதீர்கள். 2010இல் உயர் நீதிமன்றத்துக்கு இப்படி ஒரு வழக்கு வந்தது. கொடுத்தவர் அதைக் கைவிடவில்லை, கடைக்கென்று வைத்திருக்கிறார், ஆகவே அது களவாகலாம் என்பதுதான் தீர்ப்பு. கடைக்குப் பின்னால் உள்ள குப்பைத் தொட்டிக்குள் கிடந்த சாமானும் அப்படித்தான்.

றோட்டில் கிடந்த போனை, உரியவரைத் தேடிக் கண்டுபிடிக்கலாம் என்று தெரிந்தும் வைத்திருந்தால் அதுவும் களவு. யாரோ பாதி விலைக்குத் தாற போனை, களவுச் சாமான் என்று தெரிந்தோ நம்பியோ வாங்கினால் அது தனிக் குற்றம். அதற்கு உச்சத் தண்டனை 14 வருடம். களவுக்கு 7 வருடம்.

நேர்மையை எப்படி அளப்பார்கள்? முதலில், அந்த நேரத்தில் உங்களுக்கு என்ன தெரியும், என்ன நம்பினீர்கள் என்று பார்ப்பார்கள். பிறகு, சாதாரண நேர்மையான மனிதர் ஒருவர் அதை எப்படிப் பார்ப்பார் என்று கேட்பார்கள். ஆகவே "எங்கட ஊரில இது களவில்லை" என்பது பதில் ஆகாது. ஆனால் நீங்கள் உண்மையாக நம்பியது என்ன என்பது முக்கியம். அதைத் தெளிவாகச் சொல்ல வேணும்.

பொலிஸ் நிலையத்தில்

கைது செய்தால் சட்டத்தரணி இலவசம். காசு இருக்கிறதா, விசா இருக்கிறதா என்பது அதற்குத் தடை இல்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளரும் இலவசம். "சட்டத்தரணி வந்தால் நேரம் போகும்" என்று யாரும் சொன்னாலும் கேட்டு எடுங்கள். பதில் சொல்லாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அப்போது சொல்லாததைப் பிறகு நீதிமன்றத்தில் சொன்னால், அது உங்களுக்குப் பாதகமாகலாம். எது நல்லது என்று சட்டத்தரணியிடம் கேட்டு முடிவெடுங்கள்.

ஒரு சொல்லைக் கவனியுங்கள். "சேர்ட் ஒண்டு எடுத்தனான்" என்றால் எங்களுக்கு அது வாங்கினதும் ஆகலாம், கையில் தூக்கினதும் ஆகலாம். மொழிபெயர்க்கும்போது "எடுத்துக்கொண்டு போனேன்" என்று போனால் ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி இருக்கும். "காசு கொடுத்து வாங்கினேன்", "கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன்" என்று முழுதாகச் சொல்லுங்கள். விளங்காத கேள்விக்கு மரியாதைக்காகத் தலையாட்டக் கூடாது. மொழிபெயர்ப்பாளரின் தமிழ் விளங்காவிட்டால் உடனே சொல்லுங்கள்.

சில வேளை பொலிஸ் "எச்சரிக்கையோடு விடுகிறோம், கையெழுத்து வையுங்கள்" என்பார்கள். அது வெறும் புத்திமதி அல்ல. குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பதிவாகும். சட்டத்தரணியிடம் கேட்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

நீதிமன்றத்தில்

சிறிய களவு வழக்குகள் பெரும்பாலும் நீதவான் நீதிமன்றத்திலேயே முடியும். மேலே இருப்பவர்கள் பொதுமக்களில் இருந்து வந்த மூன்று நீதவான்கள், அல்லது ஒரு மாவட்ட நீதிபதி. நீதவான்கள் சட்டம் படித்தவர்களாக இருக்கத் தேவையில்லை. அவர்களுக்குச் சட்டம் சொல்ல ஓர் ஆலோசகர் இருப்பார். முதல் நாளே, குற்றத்தை ஏற்கிறீர்களா மறுக்கிறீர்களா என்று கேட்பார்கள். அதற்கு முன்பு, நீதிமன்றத்தில் கடமையில் இருக்கும் சட்டத்தரணியைச் சந்திக்கக் கேளுங்கள்.

தண்டனை நீதவானின் மனம்போன போக்கில் வராது. எழுதப்பட்ட வழிகாட்டி இருக்கிறது. திட்டமிட்டுச் செய்ததா, கூட்டமாகவா, மற்றவர் வற்புறுத்தியா? பொருளின் பெறுமதி என்ன? பாதிக்கப்பட்டவருக்கு வேறு என்ன தீங்கு? முன்பு தண்டனை உண்டா? இவற்றைப் பார்ப்பார்கள். முதல் தடவை, சின்னச் சாமான் என்றால் அதிகமாக வருவது நிபந்தனையோடு விடுவிப்பது, அல்லது தண்டப்பணம். அதற்கு மேலே சமூக சேவைக் கட்டளை, கடைசியாகச் சிறை. நட்டஈடும் வழக்குச் செலவும் சேரலாம். காசு இல்லாவிட்டால் தவணையில் கட்டக் கேட்கலாம்.

முதல் சந்தர்ப்பத்திலேயே குற்றத்தை ஏற்றால் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு வரை குறையும். விசாரணை நாளில் ஏற்றால் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் "அலுவல் முடியட்டும்" என்று செய்யாத குற்றத்தை ஏற்காதீர்கள்.

யாராவது மிரட்டி, கடனைக் காட்டி, களவெடுக்க விட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சட்டத்தரணிக்குச் சொல்லுங்கள். அடிமைத்தனத்துக்கு உள்ளானவர்களுக்கு 2015ஆம் ஆண்டுச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு.

விசாவுக்கு என்ன நடக்கும்?

12 மாதம் என்ற எண்ணை மனதில் வையுங்கள். 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்ற வெளிநாட்டவரை நாடுகடத்தும் ஏற்பாடு 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. அகதிப் பாதுகாப்பையும் அது பாதிக்கும். சின்னத் தண்டனைகளும் சேரச் சேர, பின்னாளில் நிரந்தர வதிவிடம், குடியுரிமை கேட்கும்போது கேள்வியாக வரும். ஹோம் ஒபிஸ் படிவத்தில் மறைத்தால் அந்தப் பொய்யே தனிப் பிரச்சினை. குற்றவியல் சட்டத்தரணிக்கு உங்கள் அகதி வழக்கைப் பற்றியும், அகதி வழக்குச் சட்டத்தரணிக்கு இந்த வழக்கைப் பற்றியும் சொல்லுங்கள். இரண்டு பேருக்கும் தெரிய வேணும்.

கடைசியாக ஒன்று. உங்களைத் திடீரென்று வேறு ஊருக்கு மாற்றுவார்கள். நீதிமன்றக் கடிதம் பழைய விலாசத்துக்குப் போகும். பிணையில் விடப்பட்டவர் தக்க காரணமில்லாமல் தவணைக்குப் போகாவிட்டால் அதுவே தனிக் குற்றம், பிடியாணையும் வரும். சாமான் மூன்று பவுண்ஸ் என்றாலும் அப்படித்தான். விலாசம் மாறிய அன்றே சட்டத்தரணிக்கும் நீதிமன்றத்துக்கும் அறிவியுங்கள். பிணை நிபந்தனையில் விலாசம் இருந்தால், மாறுவதற்கு முன்பே சொல்ல வேணும். விளங்காத கடிதம் எது வந்தாலும் எங்களிடம் கொண்டு வாருங்கள், வெட்கப்படத் தேவையில்லை. திகதி முடிந்த பிறகு கொண்டு வந்தால்தான் எங்களுக்கும் கஷ்டம்.

இனி உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.