மன்றமும் மரத்தடியும்



கருத்தரங்கு தாமதமாவதற்கு முறைப்படி ஒரு காரணம் வேண்டும், அதற்குத்தான் தலைமை உரை என்று என் ஆசிரியர் சொல்வார். அவர் சொல்லைப் பொய்யாக்கப் பார்க்கிறேன்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாவரவியல் நடத்தியவன் நான். இலை, பூ, கனி, பட்டை என்று மரத்தை மேலிருந்து கீழே பாடமாக்கியிருக்கிறேன். மரத்தடியைப் பற்றி ஒரு வகுப்புகூட எடுத்ததில்லை. அந்தக் கடனில் கொஞ்சம் இன்று அடைக்கலாம் என்று வந்தேன்.

‘மன்றம்’ என்ற சொல்லைப் பாருங்கள். சங்கப் பாடல்களில் அது கட்டடம் இல்லை. ஊரின் பொது இடம். அங்கே வேம்போ பலாவோ நிற்கும். அதன் அடியில் ஊர் கூடும். பிறகு நீதிமன்றம், சட்டமன்றம், நகர்மன்றம் என்று அந்தச் சொல் படியேறிப் போய்விட்டது. மரம் மட்டும் கூடப் போகவில்லை. இன்று ஒரு மரத்தை வெட்டலாமா என்பதை நகர்மன்றத்தில் கூடித் தீர்மானிக்கிறார்கள்!

இனி மரத்தடியின் மண்ணுக்குள் பார்ப்போம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தது. ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. மறுநாள் காலை எங்கள் தெருவில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் இரண்டு கார்களின் மேல் சாய்ந்து கிடந்தது. எல்லாரும் கார்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வேர்ப்பக்கம் போனேன். ஒரு பக்கத்து வேர்கள் வாழைத்தண்டை அரிந்தாற்போல நேர்கோட்டில் முடிந்திருந்தன. அந்தக் கோட்டை ஒட்டித்தான் மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். மறுபக்கத்து வேர்கள் நடைபாதைத் தளத்துக்கு அடியில், அரையடி ஆழத்திலேயே, ஈரமும் காற்றும் கிடைத்த சந்துகளைத் தேடிச் சுருண்டு சுருண்டு ஓடியிருந்தன. மேலே, மின்கம்பிக்காகச் சாலைப்பக்கக் கிளைகளை ஆண்டுதோறும் கழித்ததில் பாரம் முழுக்க வீடுகளின் பக்கம் சேர்ந்திருந்தது. புயல் செய்தது கடைசி வேலை மட்டும்தான்.

‘அயல் மரம், அதுதான் விழுந்தது’ என்று அந்த வாரம் தொலைக்காட்சியிலும் டீக்கடையிலும் பேச்சு. நானும் சொன்னேன். தூங்குமூஞ்சி அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்தும் செம்மயிற்கொன்றை மடகாஸ்கரிலிருந்தும் வந்தவை. நாட்டு மரங்களைவிட இத்தகைய மரங்கள் அதிகம் சாய்ந்ததும் உண்மை. ஆனால் ஒரு பக்கத்து வேரை அரிந்துவிட்டால் புங்கனும் சாயும், வேம்பும் சாயும். இனத்தின் மேல் பழி போடுவது நமக்கு எளிதாக இருந்தது.

மரத்துக்கு நீரும் சத்தும் உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணின் முதல் மூன்றடிக்குள்தான் இருக்கின்றன. கிளைப் பரப்பையும் தாண்டிப் படர்கின்றன. வேருக்கும் ஆக்சிஜன் வேண்டும். அடிமரம்வரை சிமென்ட் பூசினால் அதற்கு மூச்சு முட்டும். கோடரி படாத மரமும் இப்படிச் சில ஆண்டுகளில் பட்டுப்போகலாம். யார் மேலும் வழக்கு வராது.

அதே தரையின் மேல்பக்கத்துக்கு வருகிறேன். 2003 மே மாதக் கடைசியில் சென்னையில் 45 டிகிரி வெயில் அடித்தது. அப்படிப்பட்ட நாளில் மரம் வெயிலை மறிக்கிறது. இலைவழியே நீராவியை விட்டுச் சுற்றிலும் உள்ள காற்றையும் தணிக்கிறது. குளிர்சாதன அறையில் இருப்பவருக்கு அது ஜன்னலுக்கு வெளியே ஒரு காட்சி. இஸ்திரி வண்டிக்காரருக்கு அதுதான் கூரை. பஞ்சர் ஒட்டுபவர், செருப்புத் தைப்பவர், இளநீர் வெட்டுபவர், ஆட்டோ ஸ்டாண்ட் எல்லாம் மரத்தடியில்தான். மரம் போன மறுவாரம் அந்த இஸ்திரி வண்டி எங்கே போகிறது? யாராவது ஒரு ஆய்வு மாணவர் இதைப் பின்தொடர்ந்து போனால் நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பேன்.

2020இல் உச்ச நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு ஒன்று, மேற்கு வங்கத்தில் ரயில்வே மேம்பாலங்களுக்காக 356 மரங்களை வெட்டுவது பற்றிய வழக்கில், ஒரு மரத்தின் மதிப்பை ஆண்டுக்கு 74,500 ரூபாய் என்று கணக்கிட்டது. அதில் 45,000 ரூபாய் ஆக்சிஜனுக்கு! எனக்கு இதில் மனம் ஒப்பவில்லை. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன்; தெருமுனை மரம் போவதால் அது குறைந்துவிடாது. அந்தத் தெருவில் யாருக்கும் மூச்சு முட்டாது, வெயில்தான் தாங்காது. ஆனாலும் எண்ணைக் கண்டால் அதிகாரிகள் காது கொடுக்கிறார்கள் என்பதால் அந்தக் குழுவைக் குறை சொல்லத் தயங்குகிறேன்.

மரங்களுக்கான சட்டங்கள் பற்றி இரண்டாம் அமர்வில் பேசுகிறார்கள். மகாராஷ்டிர நகரங்களுக்கு 1975 முதல், கர்நாடகத்துக்கு 1976 முதல், டெல்லிக்கு 1994 முதல் மரப் பாதுகாப்புச் சட்டங்கள் உண்டு. தமிழ்நாட்டு மலைப்பகுதி மரங்களுக்கு 1955லேயே ஒன்று வந்துவிட்டது. நான் கேட்க விரும்புவது ஒன்றைத்தான். ‘ஒன்றை வெட்டினால் பத்து நடு’ என்ற நிபந்தனையில் அந்தப் பத்தும் எங்கே நடப்படுகின்றன? புறநகர் ஏரிக்கரையில் நிற்கும் கன்று புரசைவாக்கத்துப் பேருந்து நிறுத்தத்துக்கு நிழல் தராது. புரசு மரத்தால் பேர்பெற்ற ஊரில் இன்று புரசைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது.

தமிழில் நகர மரத்தின் வரலாற்றை முழுதாக எழுதிப் பார்த்தவர் தாவரவியலாளர் அல்லர், சுந்தர ராமசாமி. 1966இல் வந்த ‘ஒரு புளியமரத்தின் கதை’யில் முச்சந்திப் புளியமரத்தைச் சுற்றிக் கடையும் கட்சியும் வளர்கின்றன, அந்தப் போட்டியிலேயே மரம் சாகிறது. நகரத்தில் மரம் எதனால் சாகும் என்பதற்கு எங்கள் பாடநூல்களில் நோய்களின் பட்டியல்தான் இருக்கும்.

கடைசியாக ஒரு செய்தி. மதியச் சாப்பாடு இந்த வளாகத்து வேப்பமரத்தடியில் என்றார்கள். மகிழ்ச்சி. காலையில் போய்ப் பார்த்தேன். அடிமரம்வரை புது டைல்ஸ் பதித்திருக்கிறார்கள், வழுவழுவென்று. கல்லூரி முதல்வர் அனுமதித்தால் சாப்பிட்ட கையோடு மரத்தைச் சுற்றி நாலடிக்குப் பெயர்த்துவிடலாம். கடப்பாரை என் காரில் இருக்கிறது. இப்போது முதல் அமர்வைத் தொடங்கலாம்.