தோற்கும் நாளிலும் நம் அணி
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு மேடையில் உதைபந்தாட்டமா என்று சிலர் யோசிக்கலாம். மகளிர் கல்லூரி என்றால் வலைப்பந்துதானே! ஆனால் தோட்டங்களில் வளர்ந்த நமக்கு ஞாயிறு மாலை என்றால் தோட்டத்து மைதானம்தான். மலையில் மூடுபனி இறங்க, சேற்றில் அண்ணன்மாரும் மாமன்மாரும் பந்தின் பின்னால் ஓடுவார்கள். நாம் லயத்து வாசலில் நின்றுதான் பார்த்தோம். பதுளை வின்சன்ட் டயஸ் மைதானத்தில் நம் தோட்டத்து அணி ஆடப் போனால், என்ன முடிவு என்று கேட்கக் காத்திருந்தவர்களில் நாமும் இருந்தோம். ஆடாமலே நாம் இரசிகைகளானோம்.

உலகக் கிண்ணம் வந்தால் லயங்கள் பிரேசில் என்றும் ஆர்ஜென்டீனா என்றும் பிரிந்துவிடும். 2014 அரையிறுதியில் பிரேசில் ஜெர்மனியிடம் 7–1 என்று தோற்றது. இங்கே அப்போது நள்ளிரவு தாண்டியிருந்தது. விடிந்ததும் கொழுந்தெடுக்கப் போக வேண்டும். ஆனாலும் அடுத்த உலகக் கிண்ணத்துக்கும் பிரேசில் வீடு பிரேசில் வீடாகவே இருந்தது.

நம் நாட்டு அணியின் இரசிகைக்கு இதைவிடப் பொறுமை வேண்டும். 2006இல் ஆசிய சவால் கிண்ண இறுதிவரை போய், தஜிகிஸ்தானிடம் 4–0 எனத் தோற்றோம். 2021இல் கொழும்பில் நடந்த நான்கு நாடுகள் போட்டியின் இறுதியில் சிறிய சீஷெல்ஸிடம் பெனால்டியில் கிண்ணத்தை இழந்தோம். 2023 ஜனவரியில் பீபா நம் சம்மேளனத்தையே இடைநிறுத்தியது. ஓகஸ்டில்தான் தடை நீங்கியது. நிருவாகத்தில் எழுந்த சிக்கலுக்கு விளையாட்டு வீரர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. விசுவாசம் என்பது எல்லாவற்றுக்கும் தலையாட்டுவதல்ல என்று அன்று கற்றோம். அணியை நேசிப்பவர்தான் நிருவாகத்தைக் கேள்வி கேட்க வேண்டும். மறு ஆண்டு செப்டெம்பரில், ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றுக்காகக் கம்போடியாவை அதன் மண்ணிலேயே பெனால்டியில் வென்றோம். இடையில் விட்டுப் போகாதவர்களுக்கு அந்த வெற்றியின் சுவை தனி.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 1948 குடியுரிமைச் சட்டம் நம் பாட்டன் பாட்டிமாரை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எத்தனையோ குடும்பங்களைப் பிரித்து இந்தியாவுக்கு அனுப்பியது. 1995இல் கொழும்பில் சார்க் தங்கக் கிண்ண இறுதியாட்டம். மோதியவை இலங்கையும் இந்தியாவும். அப்போதும் தோட்டங்களில் குடியுரிமை கிடைக்காதவர்கள் பலர் இருந்தார்கள். எஞ்சியோருக்கான சட்டம் 2003இல்தான் வந்தது. மேலதிக நேரத்தில் இலங்கை 1–0 என வென்ற செய்தி கேட்டு நம் வீடுகளில் மகிழ்ந்தோம். ஒரு கடதாசி கையில் இல்லாதவருக்கும் தன் அணி எதுவென்று தெரிந்திருந்தது. அந்த அணி தன்னை அறியுமா என்று அவர் கேட்கவில்லை.

சகோதரிகளே, கல்லூரி விடயத்திலும் நாம் இப்படி இருக்கிறோமா? பெறுபேறு சிறந்த ஆண்டில் வாழ்த்துகள் குவிகின்றன. பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கு மாலை விழுகிறது. கணிதத்துக்கு ஆசிரியர் இல்லாத ஆண்டில் நம்மில் எத்தனை பேர் வாசல் வந்தோம்? சாதாரண தரத்தில் கணிதம் தவறிய பிள்ளை, அடுத்த மாதமே கொழும்பில் யாரோ வீட்டு வேலைக்குப் போய்விடுகிறாள். மைதானத்து மொழியில் சொன்னால், அவள் தோற்றது முதற்பாதியில் மட்டுமே. இரண்டாம் பாதி ஆடுவதற்கு அவளுக்கு ஒரு வருட வகுப்பும், பஸ் காசும், "நாங்கள் இருக்கிறோம், இன்னொரு முறை எழுது பிள்ளை" என்று சொல்லும் ஓர் அக்காவும் போதும்.

லண்டனில் இருப்பவர் இணையத்தில் ஒரு மணி நேரம் கற்பிக்கலாம். பண்டாரவளையில் இருப்பவர் நேரில் வரலாம். பணமுள்ளவர் பணம் தரலாம். ஆனால் நல்ல பெறுபேறு வந்த ஆண்டில் மட்டும் வராதீர்கள். பெறுபேறு குறைந்த ஆண்டில் கட்டாயம் வாருங்கள். தோற்றாலும் மழையில் நின்று பார்த்தவர்கள் நாம். அது நமக்குப் புதிதல்ல.