எந்த எழுத்து தவறு?

1953-இல் வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளைக் காட்டியபோது பலருக்கும் ஓர் எண்ணம் வேரூன்றிவிட்டது. தலைமுறை தலைமுறையாகச் செய்தி சுமக்கும் பொருள் எளிதில் கெடாது என்பதே அது.

1960களின் இறுதியில் பிரின்ஸ்டனில் டி.என்.ஏ.வின் நெருங்கிய உறவான ஆர்.என்.ஏ.வோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார் சுவீடன்காரர் தாமஸ் லிண்டால். சூடுபடுத்தினால் அது சட்டெனச் சிதைந்தது. அப்படியானால் டி.என்.ஏ. மட்டும் எப்படி ஆயுள் முழுக்கத் தாங்கும்? ஸ்டாக்ஹோம் திரும்பி அளந்து பார்த்தார். அதுவும் தாங்கவில்லை. வெயில், விஷம் எதுவும் வேண்டாம், உடம்பின் சூடும் ஈரமுமே போதும். ஒரு செல்லில் நாள்தோறும் ஆயிரக்கணக்கான சேதங்கள். ஆக, யாரோ ஓயாமல் பழுதுபார்க்கிறார்கள்.

1974-இல் அந்த ‘யாரோ’ ஒரு பாக்டீரியாவில் பிடிபட்டார். டி.என்.ஏ.வின் ஏ, டி, ஜி, சி எழுத்துகளில் சி எனப்படும் சைட்டோசின் தன் அமினோ தொகுதியை இழந்தால் யுராசில் ஆகிவிடும். அது ஆர்.என்.ஏ.வின் எழுத்து, டி.என்.ஏ.வில் அதற்கு இடமில்லை. லிண்டால் கண்டுபிடித்த நொதி அந்த யுராசிலை மட்டும் கிள்ளியெடுக்கிறது. வேறு நொதிகள் அங்கே சைட்டோசினை நிரப்புகின்றன. டி.என்.ஏ. ஏன் யுராசிலை ஒதுக்கித் தைமினை வைத்துக்கொண்டது என்பதும் இங்கே புரிகிறது. யுராசிலும் முறையான எழுத்தாக இருந்தால், எது அசல், எது கெட்டுப்போன சைட்டோசின் என்று எப்படிப் பிரிப்பது?

எனக்கு இந்த வரலாறு முழுவதற்கும் அச்சாணி இந்தக் கேள்விதான்.

செல் தன் டி.என்.ஏ.வை நகலெடுக்கும் இடத்துக்கு வாருங்கள், அங்கும் இதே கேள்விதான். நகலெடுக்கும் பாலிமரேஸ் நொதி சுமார் லட்சம் எழுத்துக்கு ஒன்றைத் தப்பாகக் கோக்கிறது. பெரும்பாலானவற்றைத் தானே ஓர் எட்டு பின்வாங்கி, கழற்றிவிட்டு, சரியானதைப் போடுகிறது, அச்சகத்தில் புரூஃப் பார்ப்பதுபோல. அதையும் தாண்டி, ஏ எழுத்துக்கு எதிரே சி உட்கார்ந்துவிட்டது என்று வையுங்கள். ஜோடி பொருந்தவில்லை, சரி. ஏ தப்பா, சி தப்பா?

ஈ.கோலை பாக்டீரியாவில் ஜி-ஏ-டி-சி என்று வருமிடங்களில், ஏ மேல் மெத்தில் எனும் வேதி முத்திரை இருக்கும். புது இழைக்கு அது விழக் கொஞ்ச நேரமாகும். ஆகவே முத்திரையில்லாத இழைதான் புதிது, திருத்த வேண்டியதும் அதுதான். மேத்யூ மெசல்சனின் இந்த யோசனையைக் கையிலெடுத்த டியூக் பல்கலைக்கழகத்தின் பால் மாட்ரிச், 1989-இல் வேண்டிய நொதிகளைத் தனித்தனியே பிரித்துச் சேர்த்து, சோதனைக் குழாயிலேயே முழு வேலையையும் நடத்திக்காட்டினார். இந்தத் திருத்தத்தால் பிழை சுமார் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. நம் செல்கள் இந்த முத்திரையை நம்பியிருப்பதில்லை, புது இழையிலுள்ள வெட்டுகளே அவற்றுக்குத் துப்பு. இந்த ஏற்பாட்டின் மரபணு பழுதானால் சில குடும்பங்களில் பெருங்குடல் புற்றுநோய் வழிவழியாக வருவது 1993-இல் தெரிந்தது.

புற ஊதாக் கதிரின் சேதத்தைச் செல் வெட்டியெடுக்கும் விதத்தை விளக்கியவர் துருக்கியில் பிறந்த அஜீஸ் சன்ஜார். அது தனிக் கதை. மூவருக்கும் சேர்த்து 2015-இல் வேதியியல் நோபல்.

சரி, இத்தனை காவலையும் மீறி மியூட்டேஷன் எனும் நிலைத்த மாற்றம் எப்படி வருகிறது? திருத்துவதற்குள் அடுத்த நகல் தொடங்கிவிட்டால், தப்பு எழுத்துக்கு எதிரே அதற்குப் பொருந்தும் எழுத்தே வந்து அமரும். இரு இழைகளும் ஒத்துப்போகும். அதன்பின் எந்த நொதிக்கும் அங்கே தப்பு தெரியாது.

நம் டி.என்.ஏ.வில் ஜி எழுத்துக்கு முன்னே வரும் சைட்டோசின்கள் பெரும்பாலும் மெத்தில் ஒட்டியவை. அவை கெட்டால் யுராசில் ஆவதில்லை, முறையான எழுத்தான தைமினாகவே மாறுகின்றன. இதைச் சந்தேகிக்கவும் தனி நொதிகள் உண்டு. ஆனால் கோட்டைவிடுவதும் உண்டு. புற்றுநோயைத் தடுக்கும் பி53 புரதத்தில் 175, 248, 273 ஆகிய அமினோ அமில இடங்கள்தான் புற்றுக்கட்டிகளில் அடிக்கடி மாறியிருப்பவை. மூன்றுக்குமான மரபணு எழுத்துகளிலும் இப்படியொரு சைட்டோசின் இருக்கிறது.