சரக்குக்கு வந்த ரயில் சனங்களுக்கு வராதா?

(உடன்குடியில் வணிகர்கள், இளைஞர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நமது உடன்குடிக்கு ஒரு காலத்தில் ரயில் வந்தது என்று சொன்னால், இங்கே அமர்ந்திருக்கும் தம்பிமார் பலர் நம்பமாட்டார்கள். ஆனால் அது உண்மை. குலசேகரன்பட்டினத்தில் பாரி கம்பெனியார் சீனி ஆலை நடத்தினார்கள். அந்த ஆலைக்காகத் திருச்செந்தூரிலிருந்து குலசை, உடன்குடி வழியாகத் திசையன்விளை வரை சிறு ரயில் ஓடியது. பொதுமக்களும் அதில் பயணம் செய்தார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் தொடங்கிய அந்த ரயில் 1940இல் நின்றுபோனது.

சிந்தித்துப் பாருங்கள்! ஆலைக்காக வந்த ரயில் ஆலையோடு போய்விட்டது. சனங்களுக்குத் தேவைப்படுகிறதே என்று கேட்க ஆளில்லை. 1923இல் திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் வரை வந்த பாதை இன்றும் அங்கேதான் நிற்கிறது. கருப்பட்டிச் சிப்பத்தைச் சென்னைக்கு அனுப்பும் வியாபாரியும், கல்லூரிக்குப் போகும் பிள்ளையும் பஸ்ஸையும் லாரியையுமே நம்பியிருக்கிறார்கள்.

பணம் இல்லையா? நமது பக்கத்தில் 1,320 மெகாவாட் அனல் மின் திட்டம். அதற்கு நிலக்கரி இறக்கக் கடலுக்குள்ளே நீண்ட பாலம். குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்திற்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். இவை வரட்டும், வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நிலக்கரிக்கு வழி உண்டு, ராக்கெட்டுக்கு வழி உண்டு, மனிதனுக்கு மட்டும் வழி இல்லையா என்றுதான் கேட்கிறோம்.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர், உடன்குடி வட்டாரம் வழியாகக் கன்னியாகுமரிக்குக் கடற்கரை ரயில் பாதை வேண்டும் என்பது பழைய கோரிக்கை. ஆய்வு என்றார்கள், தண்டவாளம் வரவில்லை. ஆய்வு முடிந்தால் வருமானம் வருமா என்று கணக்குப் பார்ப்பார்கள். கணக்கில் தேறி அனுமதி பெற்ற பாதைகளின் கதியாவது நன்றாயிருக்கிறதா? சென்னை - மாமல்லபுரம் - கடலூர் பாதைக்குச் சில பட்ஜெட்டுகளில் ஒதுக்கிய தொகை ஆயிரம் ரூபாய்! அந்தப் பணத்திற்கு ஒரு சிப்பம் கருப்பட்டிகூட வாங்க முடியாது. முன்பு ரயில்வேக்குத் தனி பட்ஜெட் இருந்தது. எங்கள் தொகுதிக்கு என்ன என்று எம்.பி.க்கள் கேட்க அதற்கென்று ஒரு நாள் இருந்தது. 2017இல் அதைப் பொது பட்ஜெட்டோடு கலந்துவிட்டார்கள்.

கட்டணத்தைப் பாருங்கள். 60 வயது ஆண்களுக்கு 40 சதவீதமும், 58 வயது பெண்களுக்கு 50 சதவீதமும் இருந்த சலுகையைக் கொரோனாவைக் காரணம் காட்டி 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். கொரோனா போய்விட்டது, சலுகை திரும்பவில்லை. பாசஞ்சர் வண்டியை எக்ஸ்பிரஸ் என்று பெயர் மாற்றி, 10 ரூபாய் குறைந்தபட்சக் கட்டணத்தை 30 ரூபாய் ஆக்கினார்கள். மக்கள் விடாமல் குரல் கொடுத்தார்கள். 2024 பிப்ரவரியில் அது மீண்டும் 10 ரூபாய் ஆனது. 2025 ஜூலையில் நீண்ட தூரக் கட்டணத்தை உயர்த்தியபோதும் சீசன் டிக்கெட்டில் கைவைக்கவில்லை. கேட்டால் கிடைக்கும் என்பதற்கு இதுவே சாட்சி.

ஈராக்கில் ஒரு கோவேறு கழுதை இடறி விழுந்தாலும், பாதையை ஏன் சீர்செய்யவில்லை என்று அல்லாஹ் தம்மைக் கேட்பானே என்று அஞ்சியவர்கள் கலீஃபா உமர் (ரலி) அவர்கள். பாதை அமைப்பது ஆட்சியாளர் போடும் பிச்சை அல்ல. அவர் மீதுள்ள அமானிதம்.

இது முஸ்லிம்களுக்கு மட்டுமான கோரிக்கை அல்ல. குலசை தசராவுக்குத் திரளும் பக்தர்கள், மணப்பாட்டு மீனவர்கள், பனைத் தொழிலாளர்கள், நாடார் பெருமக்கள், காயல்பட்டினத்து வணிகர்கள் அனைவருக்குமான கோரிக்கை. அனைவரும் சேர்ந்து கேட்டால்தான் டெல்லியில் காது கேட்கும்.

ஆகவே இளைஞர்களே, மூன்று வேலைகள் செய்யுங்கள். ஒன்று, நமது ஊரிலிருந்து வெளியூர் போகும் சரக்கையும் பயணிகளையும் கடைகடையாகச் சென்று கணக்கெடுங்கள். வருமானம் வராது என்பவருக்கு அந்தக் கணக்கே பதில் சொல்லும். இரண்டு, அந்தக் கணக்கோடு எல்லாச் சமுதாயப் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு எம்.பி.யைச் சந்தியுங்கள். மூன்று, மாநில அரசையும் விடாதீர்கள். கர்நாடகத்தைப் போல் செலவில் பங்கேற்கும் மாநிலங்கள் உண்டு. தமிழகமும் நிலம் எடுத்துத் தர முன்வர வேண்டும் என்று எம்.எல்.ஏ.விடம் கேளுங்கள்.

1940இல் கேட்க ஆளில்லாமல் ரயில் போனது. இனிமேலும் கேட்க ஆளில்லை என்ற பேச்சு உடன்குடிக்கு வரக்கூடாது. வல்ல அல்லாஹ் நமது முயற்சிக்குத் துணை நிற்பானாக!