குளிரில் ஊறும் இனிமை
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

பின்வரிசையில் அமர்ந்து, இவர் எப்போது முடிப்பார், பொங்கல் எப்போது கிடைக்கும் என்று சிறுவர்கள் காத்திருக்கின்றனர்.

நான் மேடையேறிப் பழகாதவன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். என் எழுத்தெல்லாம் கோப்பின் ஓரத்தில் இரண்டு வரிக் குறிப்போடு முடிந்துவிடும். அத்தகைய என்னை அழைத்து, 'அன்றாட வாழ்வில் சிறு இன்பங்கள்' என்ற பொருளில் பேசுமாறு செயலாளர் பணித்தார். பெரிய பொருள்களுக்குப் பெரிய அறிஞர்கள் இருக்கின்றனர். சிறு பொருளுக்கு இச்சிறியவன் போதும் என்று எண்ணினார் போலும்.

அன்பர்களே, நாம் வாழும் இந்தக் கரக்பூரில் இன்பத்திற்கு என்ன குறை? நம் நிலையத்தின் நடைமேடையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1,072 மீட்டர் நீளம். உலகிலேயே நீளமானது என்று ஊருக்குக் கடிதம் எழுதிப் பெருமைப்பட்டவர்கள் நாம். 2013இல் கோரக்பூர் 1,366 மீட்டர் கட்டி அப்பெருமையைக் கொண்டுபோயிற்று. 2023இல் ஹூப்ளி 1,507 மீட்டர் கட்டிக் கோரக்பூரிடமிருந்து பறித்துக்கொண்டது. ஆனால் நம் நடைமேடை அதனால் ஓரடியேனும் குறைந்ததா? மாலையில் அதன் கோடிவரை நடந்துபோய், சென்னை செல்லும் வண்டியின் கடைசிப் பெட்டியில் நம் எழுத்தில் ஊர்ப் பெயரைப் படித்துவிட்டுத் திரும்பும் இன்பத்தை எவர் பறிக்க முடியும்?

சித்திரை வெயிலில் காலனி வீடுகள் அடுப்பாகக் காய்கின்றன. அந்நாட்களில் ஒரு மாலை, வடமேற்கு வானம் கறுக்கிறது. கால்பைசாகி என்னும் புயல்மழை இறங்குகிறது. மின்சாரம் போய்விடுகிறது. அதை நொந்துகொண்டே நாம் திண்ணைக்கு வருகிறோம். வந்தால், அடுத்த வீட்டாரும் அங்கே இருக்கின்றனர்! பிள்ளைகள் விழுந்த மாங்காயைப் பொறுக்குகின்றனர். மூன்று மாதமாகப் பேசாத இரு குடும்பங்கள் அந்த இருட்டில் பேசிவிடுகின்றன. விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அவர்கள் வெளியே வந்திருப்பார்களா?

நிற்க. இவையெல்லாம் வாழ்வு நேராகச் செல்லும்போது சொல்லத்தக்கவை. வாழ்வு தடம் புரளும்போது சிறு இன்பம் என்ன செய்யும்? அதற்கு விடையாக என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

1998ஆம் ஆண்டு ஐப்பசியில் என் தந்தையார் பணியிலிருக்கும்போதே காலமானார். எனக்கு வயது 19. அவர் நோயுற்றபோதே என் படிப்பு நின்றுவிட்டது. இரண்டு தங்கைகள். வேலை எப்போது கிடைக்கும், அதுவரை இந்த வீட்டில் இருக்க முடியுமா என்று தெரியாத காலம். தை பிறந்தது. துக்க ஆண்டாதலின் எங்கள் வீட்டில் பொங்கல் பானை ஏறவில்லை. தெருவெங்கும் மணம் வீச, அம்மா கதவைச் சாத்திக்கொண்டு அமர்ந்திருந்தார். இரண்டு மாதமாக அவர் இனிப்பைத் தொட்டதில்லை. சரியாக உண்டதும் இல்லை.

அன்று வங்காளிகளுக்கும் பௌஷ் சங்கிராந்தி. அடுத்த வீட்டு வங்காள அம்மையார் கதவைத் தட்டினார். நாங்கள் அவரைக் காகிமா என்று அழைப்போம். சித்தி என்பது பொருள். கையில் ஒரு மூடிய கிண்ணம். "தீதி, பண்டிகைக்காகக் கொண்டுவரவில்லை. குளிர் அதிகமாக இருக்கிறது, சூடாக ஒன்று சாப்பிடுங்கள்" என்றார். அரிசி மாவினுள் தேங்காயும் வெல்லமும் பொதிந்த பண்டம். புலி பிட்டே என்பது அதன் பெயர், பெயரில்தான் புலி! அம்மா ஒன்றை எடுத்து வாயிலிட்டார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நம் ஊர்க் கொழுக்கட்டைதான், வெல்லம்தான் வேறு" என்றார். இரண்டு மாதத்தில் அவர் துக்கத்தைப் பற்றியல்லாமல் பேசிய முதல் பேச்சு அதுவே.

அந்த வெல்லம் எது? நம் நாட்டுக் கருப்பட்டி பனையினின்று வருகிறது. வங்கத்து நொலேன் குர் ஈச்ச மரத்தினின்று வருகிறது. மார்கழி, தை மாதங்களில் மாலைப் பொழுதில் மரத்தைச் சீவிப் பானை கட்டுவர். விடியுமுன் இறக்கிக் காய்ச்சுவர். இரவு எவ்வளவு குளிர்ந்து தெளிந்திருக்கிறதோ அவ்வளவு சாறு நன்றாக இருக்கும். வெப்பம் ஏறினால் சாறு புளித்துவிடும். குளிர் போயிற்றென்றால் அந்த வெல்லமும் போயிற்று. மரமேறுபவருக்கு ஷியூலி என்று பெயர். நம் பவழமல்லிப் பூவிற்கும் இங்கே அதே பெயர்தான். இன்னொன்றும் உண்டு. மரத்தை அவர் நாள்தோறும் சீவுவதில்லை. சில நாள் சீவினால் சில நாள் ஓய்வு கொடுப்பார். ஓய்வுக்குப்பின் முதல் இரவு இறங்கும் சாறே மிகச் சிறந்தது. மரத்திற்கே ஓய்வு உண்டென்றால், நம் வீட்டுத் தாய்மார்களுக்கு உண்டா என்று ஆடவர்கள் சற்று எண்ணிப்பார்க்க வேண்டுகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை காப்பியை நாம் போடலாம்.

1999ஆம் ஆண்டு இறுதியில் கருணை அடிப்படையில் எனக்கு வேலை கிடைத்தது. 2000ஆம் ஆண்டுப் பொங்கலன்று, ஊரிலிருந்து வந்த மண்டை வெல்லம் வீட்டில் இருந்தும், "காகிமா வீட்டு வெல்லத்தைப் போடு" என்றார் அம்மா. இன்றளவும் எங்கள் வீட்டுப் பொங்கலில் ஈச்ச வெல்லந்தான்.

இக்கதையைக் கேட்டு, துன்பமும் நன்மைக்கே என்று நான் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டா. என் தந்தையார் இறந்ததில் ஒரு நன்மையும் இல்லை. ஒரு கிண்ணம் பலகாரம் அந்த இழப்பை ஈடுசெய்யவும் இல்லை. துயருற்றவரிடம் சென்று, 'இதிலும் ஒரு நல்லது இருக்கும்' என்று கூறுவது ஆறுதலன்று, கொடுமை. காகிமா அப்படி ஒரு சொல்லும் சொல்லவில்லை. வள்ளுவர் 'இடுக்கண் அழியாமை' என்று ஓர் அதிகாரமே வகுத்து, துன்பத்தைக் கண்டு சிரிக்கச் சொன்னார். அது பெரியோர்க்கு இயலும். என் போன்றவர்க்கு இயல்வது ஒன்றுதான்: துன்பம் வீட்டில் அமர்ந்திருக்கும்போதும், கதவு தட்டப்பட்டால் திறப்பது.

பெறுவதோடு முடிந்துவிடவில்லை, அன்பர்களே. தந்தையார் இறந்த சில மாதங்களில், காகிதங்களை எடுத்துக்கொண்டு அம்மாவும் நானும் அலுவலகம் சென்றோம். கூட்டம் மிகுதி. முதிய எழுத்தர் ஒருவர் எழுந்து, தம் நாற்காலியில் அம்மாவை அமரச் செய்து, தாம் நின்றபடியே படிவங்களை நிரப்பித் தந்தார். அம்மா 2016இல் மறைந்தார். அன்று எவ்வளவு பணம் கிடைத்தது என்பதை அவர் மறந்துவிட்டார். அந்த நாற்காலியைக் கடைசிவரை மறக்கவில்லை.

இன்று நான் செட்டில்மென்ட் பிரிவில் பணிபுரிகிறேன். கணவரை இழந்த பெண்கள் குடும்ப ஓய்வூதியத்திற்காக என் மேசைக்கு வருகின்றனர். விதியை மீற எனக்கு அதிகாரம் இல்லை. தொகையைக் கூட்டவும் இயலாது. ஆனால் என் மேசையருகே எப்போதும் ஒரு காலி நாற்காலி இருக்கும். அதன்மேல் கோப்புகளை வைக்க எவரையும் நான் விடுவதில்லை. "அம்மா, கையெழுத்தாகிவிட்டது, இனி நீங்கள் வர வேண்டியதில்லை" என்று சொல்லும் நாள் எனக்குத் திருநாள்.

நம் காலனியிலும் இவ்வாண்டு சில வீடுகளில் பானை ஏறவில்லை. எந்தெந்த வீடுகள் என்பது உங்களுக்குத் தெரியும். விழா முடிந்து வீடு திரும்பும்போது, நமக்குத் தந்த பொங்கலில் ஒரு கிண்ணம் அங்கே செல்லட்டும். அறிவுரை ஒன்றும் உடன் செல்ல வேண்டா. "குளிராக இருக்கிறது, சூடாகச் சாப்பிடுங்கள்" என்ற ஒரு சொல் போதும்.

சிறுவர்கள் என்னை முறைக்கின்றனர். அமர்கிறேன்.