தோல் பதனிடும் சீமோனின் வீடு

பொன்னியின் செல்வனையும் யவன ராணியையும் விடிய விடியப் படித்த பம்பாயின் மாட்டுங்கா, செம்பூர் வாசகர்களிடம் யூதேயாவில் நடக்கிற ஒரு சரித்திர நாவலை நீட்டிப் பாருங்கள். ‘அது கோயில் சமாச்சாரம், நமக்கெதற்கு’ என்பார்கள். அந்தத் தயக்கம் தேவையில்லை என்பது என் கட்சி. பைபிளின் அப்போஸ்தலர் நடபடிகளில் ஒரு தகவல் வருகிறது: யோப்பா பட்டணத்தில் இயேசுவின் சீடர் பேதுரு, தோல் பதனிடும் சீமோனின் கடலோர வீட்டில் தங்கினார். வேதம் அதற்கு மேல் சீமோனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஏன் கடலோரம்? தோல் பட்டறை ஊரைவிட்டு ஐம்பது முழமாவது தள்ளி இருக்க வேண்டும் என்கிறது, பின்னாளில் தொகுக்கப்பட்ட யூதர்களின் மிஷ்னா சட்டம். அப்படி நாற்றத்துக்கு அஞ்சி ஒதுக்கப்பட்ட தொழிலாளியின் மொட்டைமாடியில்தான், எதையும் தீட்டு என்று தள்ளாதே என்ற தரிசனம் பேதுருவுக்குக் கிடைக்கிறது. தாராவிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பம்பாயும் தன் தோல் பட்டறைகளை மாஹிம் கழிமுகத்துச் சேற்றோரம்தான் ஒதுக்கியது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் அங்கே தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் சுரண்டினார்கள். சீமோனின் நகக்கண்ணில் ஏறிய கறை, விருந்தாளிக்கு உலை வைத்தவளின் முணுமுணுப்பு, இதெல்லாம் நாவலாசிரியனுக்கு விட்டுவைத்த இடம்.

வேதத்தில் கைவைக்கலாமா என்று கேட்பார்கள். தமிழில் அந்தக் கேள்விக்கு 1726-லேயே பதில் வந்துவிட்டது. சுவிசேஷங்களில் இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசை ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. வீரமாமுனிவரோ அவரையே நாயகனாக்கி 3,615 பாடல்களில் தேம்பாவணி பாடினார். பக்திக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. சரித்திரப் பிழை மலியும் என்பது அடுத்த ஆட்சேபம். மலியும்தான். 1880-இல் இயேசு காலத்து நாவலான பென்ஹரை வெளியிட்ட லூ வாலஸ், எழுதும்போது பாலஸ்தீன மண்ணை மிதித்ததே இல்லை, எல்லாம் நூலகப் படிப்பு. ஆனால் பொன்னியின் செல்வனில் கல்கி படைத்த நந்தினிக்கு எந்தக் கல்வெட்டில் ஆதாரம் தேடினோம்? எனக்குள்ள மனக்குறை வேறு: இவ்வகை நாவல்கள் பலவற்றில் கடைசி அத்தியாயத்தில் எல்லோரும் மனம் திரும்பிவிடுகிறார்கள், கதை பிரசங்கமாகிவிடுகிறது. ஸ்வீடன் எழுத்தாளர் பேர் லாகர்க்விஸ்ட் 1950-இல் எழுதிய பாரபாஸ் அப்படியல்ல. இயேசுவுக்குப் பதிலாக விடுதலையான அந்தக் கொள்ளைக்காரன் நம்ப ஆசைப்பட்டும் நம்ப முடியாமல் அலைகிறான். க.நா.சு. அதை ‘அன்பு வழி’ என்று தமிழாக்கியிருக்கிறார். மெலிந்த புத்தகம். செம்பூரிலிருந்து ஹார்பர் ரயிலில் போய்வருகிறவர், உட்கார இடம் கிடைத்தால், நாலைந்து நாளில் முடித்துவிடலாம்.