மனத்துக்கு ஒரு பிடிமானம்

இன்று நீங்கள் பட்டம் பெறுகிறீர்கள்.

இதுவரை யார் நீ என்று கேட்டால் உங்களிடம் பதில் தயாராக இருந்தது. கல்லூரியின் பெயர், பாடப்பிரிவு, எத்தனையாம் ஆண்டு. நாளை முதல் அந்தப் பதில் செல்லாது. "இப்போ என்ன பண்றே?" என்று உறவினர்கள் கேட்பார்கள். வேலை கிடைத்தவர் சட்டென்று சொல்லிவிடுவார். போட்டித் தேர்வுக்குப் படிப்பவரும் நேர்காணலுக்கு அலைபவரும் அந்தக் கேள்விக்குப் பயந்தே கல்யாண வீடுகளுக்குப் போகாமல் இருப்பார்கள். அப்படிப்பட்ட மாதங்களில் மனம் எதைப் பற்றிக்கொண்டு நிற்கும்? அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

வ.உ.சிதம்பரனாரைக் கோவைச் சிறையில் செக்கிழுத்தவராகப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அங்கேயே அவரை விட்டுவிட்டு வந்துவிடுகிறோம். 1908இல் திருநெல்வேலி நீதிமன்றம் அவருக்கு விதித்தது நாற்பது ஆண்டு தண்டனை. மேல்முறையீட்டில்தான் அது குறைந்தது. வக்கீல் என்ற அடையாளம் போயிற்று. 1906இல் தொடங்கிய கப்பல் கம்பெனி அவர் உள்ளே இருக்கும்போதே நொடித்துப்போயிற்று. ஊர் கொண்டாடிய மனிதர், கைதி உடையில் ஓர் எண்ணாக நின்றார்.

அந்தச் சிறைக்குள் இருந்துகொண்டு அவர் ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேயரின் நூலை 'மனம் போல வாழ்வு' என்று தமிழாக்கினார். தம்மைச் சிறையில் அடைத்த ஆட்சியின் மொழியிலிருந்தே தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார். மொழிபெயர்ப்பு வேலை அப்போது அவருக்கு என்ன செய்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. ஒரு வாக்கியத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவனால் அந்த நேரத்தில் தன்னை நினைத்து அழ முடியாது. சரியான சொல் அகப்படும்வரை மனம் அங்கேயே கட்டுண்டு கிடக்கும். பிறகு கண்ணூர்ச் சிறையில் 'மெய்யறம்' எழுதினார். 125 அதிகாரங்கள் கொண்ட அறநூல் அது.

என்னை இன்னும் ஆழமாகத் தொடுவது, 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்த பிறகு நடந்ததுதான். கூட்டம் இல்லை, கப்பல் இல்லை, வழக்காடும் சன்னதும் இல்லை. சென்னையில் கடை வைத்துப் பார்த்தார், வறுமை விடவில்லை. அந்த வறுமைக்கு நடுவே திருக்குறளின் மணக்குடவர் உரையைப் பதிப்பித்தார். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பதிப்பிக்க உழைத்தார். வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தபோது, நன்றி மறவாமல் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். கசப்பு கொள்ள எத்தனையோ காரணம் இருந்த மனிதர், நன்றி சொல்லவும் இடம் வைத்திருந்தார். 1936இல் மறையும்வரை அவருக்குப் பழைய செல்வாக்கு திரும்பவில்லை. ஆனாலும் அவர் உடைந்துபோகவில்லை. தமக்கு முன்னால் எப்போதும் ஒரு வேலையை வைத்துக்கொண்டிருந்ததுதான் அதற்குக் காரணம் என்று நான் நம்புகிறேன்.

எல்லாருக்கும் எழுத்து கைகொடுக்காது. நெல்சன் மண்டேலாவுக்கு மண் கைகொடுத்தது. ராபன் தீவுச் சிறையில் ஒரு தோட்டம் போட அனுமதி கேட்டுப் பல ஆண்டுகள் காத்திருந்தார். கல்லும் வறட்சியுமான அந்த மண்ணில் முதலில் போட்டது தக்காளி, மிளகாய், வெங்காயம். 1982இல் போல்ஸ்மூர் சிறைக்கு மாற்றியபோது, மொட்டை மாடியில் பீப்பாய்களை வெட்டி மண் நிரப்பிக் கத்தரியும் கோசும் வளர்த்தார். விளைந்ததைச் சக கைதிகளின் சமையலுக்குக் கொடுத்தார், காவலர்களுக்கும் கொடுத்தார். கொடுக்க முடியாத நிலையில் வைக்கப்பட்ட மனிதர் அங்கேயும் கொடுப்பவராக இருந்தார். அதில் அவருக்குக் கிடைத்த நிமிர்வு சாதாரணமானதா?

மனத்துக்கு ஒரு வேலையைக் கொடுப்பதை மருத்துவமாகவே செய்தவர் ஒருவர் நம் சென்னையில் இருந்தார். டாக்டர் சாரதா மேனன், கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பை 1961இல் ஏற்றவர். உள்ளே பல ஆண்டுகள் கிடந்த நோயாளிகளுக்கு மருந்தோடு வேலையும் வேண்டும் என்று தொழிற்பயிற்சிக்கு வழி செய்தார். ஓய்வு பெற்ற பின் 1984இல் ஸ்கார்ப் என்ற மனநல அமைப்பைத் தொடங்கினார். வேலையைத் தந்து மருந்தை அவர் நிறுத்திவிடவில்லை. இரண்டையும் சேர்த்தே கொடுத்தார். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டுப்போய், காலையில் எழுந்திருக்கவே முடியாதவரிடம் "ஏதாவது வேலையில மனசைச் செலுத்துப்பா" என்பது கொடுமை. காய்ச்சலுக்குப் போவதுபோல டாக்டரிடம் போக வேண்டும். ஒன்றிய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, கட்டணம் கிடையாது, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். செல்போனில் இப்போதே பதிந்துகொள்ளுங்கள். நான் காத்திருக்கிறேன்.

சிலருக்குப் பிடிமானம் தொழுகை, சிலருக்குக் கோயில் பிரகாரம், சிலருக்கு விடியற்காலைக் கைப்பந்து, சிலருக்குத் தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் டியூஷன். எது என்பதை உங்கள் அப்பாவோ நானோ முடிவு செய்ய முடியாது. அது தினமும் நடக்க வேண்டும், சம்பளமும் மதிப்பெண்ணும் வராவிட்டாலும் நடக்க வேண்டும். முடிந்தால் இன்னொருவருக்கும் அதில் ஏதாவது போய்ச் சேர வேண்டும். இவ்வளவுதான் நான் கேட்பது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்களோடு சேர்ந்து படித்து, அரியர் நின்றதாலோ வீட்டு நிலைமையாலோ இன்று இந்த மண்டபத்துக்கு வர முடியாத ஒரு தோழனோ தோழியோ இருப்பார். அங்கியில் எடுத்த படத்தை ஸ்டேட்டஸில் போடுவதற்கு முன்னால் அவருக்கு ஒரு போன் பண்ணுங்கள். விழா எப்படி நடந்தது என்பதைச் சொல்லிவிட்டு, அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று கேளுங்கள். அவர் பேசி முடிக்கும்வரை வைத்துவிடாதீர்கள்.